பதியனில் வாழும் பேரசோகு

மரத்தையும் மலரையும் வாழ்வோடு பிணைத்துக் கொண்ட இனங்களுள் தமிழினம் தலையாயது எனலாம். நிலத்திற்குப் பூவின் பெயரிட்டோம். போருக்குப் பூவின் பெயரிட்டோம். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று வேந்தரைப் பூவால் அடையாளம் கண்டோம். கோயில்தோறும் தலமரம் ஒன்றை வைத்து வணங்கினோம். 99 மலர்களின் பெயர்களைக் கபிலர் ஒரே பாட்டில், குறிஞ்சிப்பாட்டில், அடுக்கி வைத்த மொழி நம் மொழி.

அத்தகைய மரபில் வந்த நாம் பிழைப்பின் பொருட்டு மும்பை மாநகருக்கு வந்து சேர்ந்து தலைமுறைகள் பல கடந்துவிட்டன. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களும், மாதுங்காவில் எழுத்தராகவும் கணக்கராகவும் குடியேறியவர்களும், செம்பூரின் குடியிருப்புகளில் வீடு கண்டவர்களும் இந்நகரின் மண்ணை அறிவர், மழையை அறிவர். இந்நகரின் மரங்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறியத்தக்க மரங்களுள் ஒன்றன் வரலாற்றை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அஃது உலகின் அழகிய பூமரங்களுள் ஒன்று. அரிய மரங்களுள்ளும் ஒன்று. நம்மைப் போலவே அதுவும் வேற்றூரிலிருந்து இங்கு வந்து வேர் கொண்டது.

பெயரும் உருவும்

தாவர நூலார் இம்மரத்தை ஆம்ஹெர்ஸ்தியா நோபிலிஸ் என்பர். இதன் தாயகம் பர்மாவின் தென்பகுதியாகிய தெனாசரிம். பர்மியர் இதனைத் 'தோகஜீ' என்று அழைக்கின்றனர். 'தோக' என்பது பாலி மொழியின் 'அசோக' என்னும் சொல்லின் திரிபு. 'ஜீ' என்றால் பெரியது. மராட்டியர் இதற்கு 'உர்வசி' என்று பெயர் சூட்டியுள்ளனர். தமிழில் ஊரறிந்த பெயரொன்று இதற்கு இல்லாமையால், பர்மியர் வழக்கைப் பின்பற்றிப் 'பேரசோகு' என்று நாம் வழங்குவோம்.

இப்பெயர் பொருத்தமானதே. நம் இலக்கியங்கள் பிண்டி என்றும் அசோகு என்றும் போற்றும் மரமும் இதுவும் ஒரே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அருகக் கடவுள் வீற்றிருப்பது பிண்டி நிழலில் என்பது தமிழ் நூல்களில் பயின்று வரும் செய்தி. மும்பைத் தெருக்களில் ஊசிபோல் நெடிது நின்று 'அசோக்' என்று அழைக்கப்படும் மரமோ உண்மையில் நெட்டிலிங்கம். அதற்கும் அசோகுக்கும் உறவில்லை என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பேரசோகு 10 முதல் 12 மீட்டர் உயரம் வரை வளரும் நடுத்தர மரம். இளந்தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு, துணியைப் பிழிந்து தொங்கவிட்டாற்போல் கீழ்நோக்கித் தொங்கும். நாளடைவில் அவை விறைத்துப் பசுமை பெறும். மலர்களும் கவிழ்ந்தே தொங்குகின்றன. ஒரு முழத்திற்கும் மேலாக நீண்டு இறங்கும் காம்பின் இருபுறமும் செந்நிறப் பூக்கள் கைவிரித்து நிற்கும். ஐந்து இதழ்களில் மூன்று பெரியவை. இரண்டு கண்ணுக்குத் தோன்றாத அளவு சிறியவை. பெரிய இதழ்களின் நுனியில் மஞ்சள் தீற்றியிருக்கும். மணமில்லை. ஆயினும் மரம் முழுவதும் சரவிளக்குகள் ஏற்றியதைப் போன்ற தோற்றம் காண்பாரை நிற்க வைத்துவிடும். இப்பேரினத்தில் உள்ளது இந்த ஒரே இனம் மட்டுமே.

மடத்துத் தோட்டத்தில் இரு மரங்கள்

1824ஆம் ஆண்டு தொடங்கி 1826இல் யாண்டபோ உடன்படிக்கையோடு முடிந்தது முதல் ஆங்கில-பர்மியப் போர். அப்போரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையினர் பெருந்தொகையினராகக் கடல் கடந்து சென்றனர். தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தனர். போரின் முடிவில் தெனாசரிம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்குள்ள தேக்குக் காடுகளை ஆராய்ந்து வருமாறு கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவர் நத்தானியேல் வாலிச்சை அரசு பணித்தது.

வாலிச் டென்மார்க்கில் 1786இல் பிறந்தவர். நம் தரங்கம்பாடியைப் போலவே டேனியர் ஆட்சியில் இருந்த வங்காளத்துச் சீராம்பூருக்கு 1807இல் மருத்துவராக வந்து, பின்னர் தாவரவியலில் பெரும் புகழ் பெற்றவர். 1827ஆம் ஆண்டு சால்வீன் ஆற்றின் கரையில், மர்த்தபானுக்கு அப்பால், ஒரு பௌத்த மடத்தின் தோட்டத்தில் இரண்டு பேரசோக மரங்களை அவர் கண்டார். அவற்றின் மலர்கள் அருகிலிருந்த குகையில் புத்தர் திருவுருவங்களின் முன் காணிக்கையாகப் படைக்கப்பட்டிருந்தன.

இச்செய்தியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. வாலிச் இம்மரத்தைக் கண்டது காட்டில் அன்று, மடத்துத் தோட்டத்தில். காட்டில் இது தானே வளர்ந்து நிற்கக் கண்டவர்கள் அன்றும் இன்றும் மிகச் சிலரே. பெயர் தெரியாத பிக்குகள் யாரோ அம்மரத்தை நட்டு, நீர் வார்த்து, வளர்த்து வைத்திருந்தமையால்தான் உலகம் அதனைக் காண நேர்ந்தது.

வாலிச் அம்மரத்திற்கு அன்றைய தலைமை ஆளுநர் ஆம்ஹெர்ஸ்ட் பிரபுவின் மனைவி, மகள் ஆகிய இருவரின் நினைவாகப் பெயரிட்டார். அவ்விரு பெண்மணியரும் தாவரங்களில் ஈடுபாடு உடையவர்களே. ஆயினும் புத்தர் திருமுன் நெடுங்காலம் படைக்கப்பட்டு வந்த மலர், ஆட்சியாளர் குடும்பத்துப் பெயரோடு உலக ஏடுகளில் பதிவாயிற்று. விஷ்ணுபிரசாத் முதலிய இந்திய ஓவியர்கள் தீட்டிய படங்களுடன் 1830 முதல் 1832 வரை வெளிவந்த வாலிச்சின் மூன்று பெருந்தொகுதிகளில் இம்மரம் இடம் பெற்றது. அப்படத்தைக் கண்ட ஐரோப்பியச் செல்வர்கள் இதன்மேல் தீராத வேட்கை கொண்டனர்.

ஒரு செடிக்காகக் கடல் கடந்தவர்

இங்கிலாந்தில் டெவன்ஷயர்ப் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் பணிபுரிந்த ஜான் கிப்சன் என்னும் இளைஞர் 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பேரசோகைக் கொண்டு வருவதே அவர் பயணத்தின் தலையாய நோக்கம். கல்கத்தாவில் வாலிச்சே அவருக்குச் செடிகளைத் தந்தார். அக்காலத்தில் கப்பலில் செடி கொண்டு செல்வது எளிதன்று. உப்புக்காற்றும் நீர்ப் பற்றாக்குறையும் பெரும்பாலான செடிகளை வழியிலேயே கொன்றுவிடும். மருத்துவர் வார்ட் என்பவர் அப்போதுதான் ஒரு வழி கண்டிருந்தார். கண்ணாடிப் பேழைக்குள் மண்ணும் செடியும் வைத்து இறுக மூடிவிட்டால், இலைகள் விடும் ஈரமே மீண்டும் துளியாகி மண்ணில் விழும். மாதக்கணக்கில் நீர் ஊற்ற வேண்டியதில்லை. அப்பேழையில்தான் பேரசோகு 1837இல் இங்கிலாந்து சேர்ந்தது.

ஆயினும் பிரபுவின் செடி முதலில் பூக்கவில்லை. லண்டனை அடுத்த ஈலிங்கில் திருமதி லாரன்ஸ் என்பவரின் கண்ணாடிக் கூடத்தில், வேறொரு செடி 1849இல் பூத்தது. இங்கிலாந்தில் அதுவே முதற்பூ. 1827இல் கண்டெடுத்த மலர் அந்நாட்டில் மலர 22 ஆண்டுகள் ஆயின. பெருஞ்செல்வம் படைத்தவர்க்கும் பொறுமையின்றிக் கிட்டாத மலர் அது.

வெப்பமும் ஈரமும் இயல்பாகவே அமைந்த நாடுகளில் பேரசோகு இவ்வளவு அடம் பிடிக்கவில்லை. கல்கத்தாத் தோட்டத்தில் அது நிலைத்தது. இலங்கையில் கண்டியை அடுத்த பேராதனைத் தோட்டத்தில் அது பார்வையாளர் தேடிச் சென்று காணும் மரமாயிற்று. நம் மும்பையிலும் அது வேர் கொண்டது.

பைகுலாத் தோட்டம்

மும்பையில் பேரசோகைக் காண விரும்புவோர் செல்ல வேண்டிய இடம் இராணி பாக். மாதுங்காவில் மத்திய இரயிலேறினால் தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்ளி ஆகியவற்றைக் கடந்து ஐந்தாவது நிலையம் பைகுலா. செம்பூரார் குர்லாவில் வண்டி மாற வேண்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பிள்ளைகளுக்கு யானையும் புலியும் காட்ட அங்கே சென்றிருப்போம். அது விலங்குக் காட்சிச்சாலையாகத் தொடங்கப்பட்டதன்று; தாவரத் தோட்டமாகவே தொடங்கப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

மேற்கிந்திய வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் 1830இல் தோன்றி, சிவ்ரியில் ஒரு தோட்டம் நடத்தி வந்தது. அச்சங்கத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கிரஹாம், பம்பாயில் வளரும் தாவரங்களின் பட்டியல் நூலொன்றைத் தொகுத்தார். 1839இல் அது வெளிவந்தது. பின்னர் பைகுலாவில் புதிய தோட்டம் அமைக்கப்பட்டு, ஆளுநர் பார்ட்டில் ஃபிரேரின் துணைவியாரால் 1862ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் பெயரைத் தாங்கியதால் மக்கள் அதனை 'இராணி பாக்' என்றனர். 1872இல் அதனுள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது பாவு தாஜி லாட் பெயரால் வழங்குகிறது. 1873இல் தோட்டம் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தது. விலங்குகள் பின்னரே வந்தன. இன்று வீரமாதா ஜீஜாபாய் போசலே உத்யான் என்னும் பெயர் தாங்கி, ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மரங்களுடன் நிற்கிறது அத்தோட்டம்.

மும்பையின் தெருக்களில் இன்று நிழல் தரும் மரங்கள் பலவும் வந்தேறிகளே. குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரமும், நம் சிவன் கோயில்களில் இடம் பிடித்துவிட்ட நாகலிங்கமும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தவை. அவை விதையால் பெருகின, ஊரெங்கும் பரவின. பேரசோகு மட்டும் தோட்டத்தின் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

பதியன் என்னும் கலை

பேரசோகு காய்ப்பது அரிது. செந்நிறம் பாய்ந்த பட்டையான காய்கள் எப்போதேனும் தோன்றினாலும் உள்ளே திரண்ட விதைகள் சிலவே. அவற்றின் முளைப்புத் திறனும் விரைவில் அற்றுப்போம். உலர்த்திச் சேமித்து வைக்க இயலாது. காற்றோ பறவையோ வெள்ளமோ இம்மரத்தைப் பரப்புவதை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே 1827 முதல் இன்றுவரை உலகத் தோட்டங்களில் நிற்கும் பேரசோக மரங்களில் மிகப் பல பதியனால் உண்டானவையே.

பதியன் நம்மவர்க்குப் புதிதன்று. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் அழுத்திக் கல்லை வைத்த பாட்டிமார் அறிந்த கலைதான். தாழ்ந்த கிளை இருந்தால் அதனைத் தரைக்கு வளைத்து, அடிப்புறம் சற்றே கீறி, மண்ணிட்டு மூடிவிடலாம். கிளை உயரத்தில் இருந்தால் மண்ணையே கிளைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதனை விண்பதியன் என்பர். மராட்டியத் தோட்டக்காரர் 'குட்டி கலம்' என்பர்.

அதன் முறை இது. பெருவிரல் பருமனுள்ள முற்றிய கிளையைத் தேர்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் ஓரங்குல அகலத்திற்கு மோதிரம்போல் பட்டையை உரித்து எடுக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழவழப்பான படலம் ஒன்றுண்டு. அதனையும் சுரண்டிவிட வேண்டும், இல்லையேல் காயம் மூடிக்கொள்ளும். வேரிலிருந்து ஏறும் நீர் கட்டையின் வழியே செல்வதால் கிளை வாடுவதில்லை. இலைகள் சமைத்து அனுப்பும் உணவோ பட்டையின் வழியே இறங்குவது. உரித்த இடத்தில் அது தடைப்பட்டுத் தேங்குகிறது. தேங்கிய அவ்வுணவின் வலிவால் அவ்விடத்தே வேர் பிறக்கிறது. அக்காலத்தில் களிமண் உருண்டையைக் காயத்தின்மேல் பொதிந்து கோணியால் கட்டி, மேலே ஓட்டைப் பானையொன்றைத் தொங்கவிட்டுக் கயிற்றின் வழியே சொட்டுச் சொட்டாக நீர் இறங்கச் செய்வர். இன்று ஈரப்பாசியோ தென்னை நார்க்கழிவோ வைத்துப் பாலித்தீன் தாளால் சுற்றுகின்றனர். மல்லிகைக்குச் சில வாரங்கள் போதும். பேரசோகு மாதங்கள் பல கேட்கும்.

வேர் தெரிந்தவுடன் வெட்டிவிடுதலும் தவறு. முதலில் பாதி வெட்டி, சில நாள் விட்டு, பின்னரே முழுதும் அறுக்க வேண்டும். அறுத்த செடியை உடனே வெயிலில் நடாமல் நிழலில் வைத்துத் தேற்ற வேண்டும். இளமையில் அதற்கு வேண்டுவன அரைநிழலும், இலைமக்கு நிறைந்த நீர் தேங்காத மண்ணும், வறட்சி காணாத வேரும், பலத்த காற்றுக்கு மறைவும் ஆகும். மும்பையின் மழையும் புழுக்கமும் அதற்கு உகந்தவையே. மழை ஓய்ந்த பின்வரும் எட்டு மாத வறட்சியில்தான் மனிதன் கை வேண்டும்.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். பதியனால் வந்த செடி தாய்மரத்தின் மறுவடிவமே. புதிய இயல்பு எதுவும் அதில் சேர்வதில்லை. ஒரே தாயின் கிளைகளே எங்கும் நின்றால், ஒரு நோய் எல்லாவற்றையும் ஒருங்கே தாக்கக்கூடும். ஆகவே அரிதாகக் கிட்டும் விதை ஒவ்வொன்றையும் உடனே விதைத்து முளைக்கச் செய்தல், பதியனைக் காட்டிலும் மேலான தொண்டாகும்.

தோட்டத்திற்கு வந்த சோதனை

அரிய மரம் ஓரிடத்தில் நிற்பதாலேயே அது காப்பாற்றப்பட்டுவிட்டதாகாது. 2007ஆம் ஆண்டையொட்டி இராணி பாகை உலகத் தரமான விலங்குக் காட்சிச்சாலையாக மாற்றும் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பழைய மரங்கள் பலவற்றிற்கு அதனால் தீங்கு நேருமென்று அஞ்சிய குடிமக்கள் சிலர், பெண்மணிகள் முன்னிற்க, மரம் மரமாக எண்ணிப் பெயரெழுதிப் பட்டியல் செய்தனர். அப்பட்டியலை வைத்தே வாதாடினர். ஆண்டுக்கணக்கில் நீண்ட அம்முயற்சியின் பயனாகத் திட்டம் திருத்தம் பெற்றது. 2016இல் பெங்குயின் பறவைகள் வந்தன, கூட்டம் பெருகியது. ஆயினும் தோட்டம் தோட்டமாகவே நிற்கிறது. பெயர் தெரிந்த மரத்துக்காகத்தான் ஒருவர் வாதாட முடியும் என்பது அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம்.

நமக்கு இதில் என்ன?

தமிழ்ச் சங்க மலரில் பர்மிய மரத்துக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். மௌல்மேனும் இரங்கூனும் தமிழர் அறியாத ஊர்களல்ல. நம் முன்னோர் அங்கு வணிகம் செய்தனர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர், நெல்வயலில் உழைத்தனர். 1942இல் போருக்கு அஞ்சியும், 1960களில் ஆட்சி மாற்றத்தாலும் அவர்கள் திரும்ப நேர்ந்தது. மனிதர் திரும்பிவிட்டனர்; மரம் இங்கே நிற்கிறது.

அதனினும் நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. புலம்பெயர்ந்தோர் வாழ்வு பதியனைப் போன்றது. தாய்மரத்தின் சாற்றை உண்டுகொண்டே கிளை தன் வேரை விடுகிறது. வேர் விடுமுன் அறுத்தால் காய்ந்துபோகும். வேர் விட்ட பின்னும் அறுக்காவிட்டால் தனிமரம் ஆகாது. தாராவியில் 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும், மாதுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் நம் முன்னோர் இம்மண்ணில் விட்ட வேர்களன்றோ? ஊரிலிருந்து வந்த கடிதமும் மணியார்டரும் இருபுறமும் சாறு பாய்ந்த வழிகள்.

இன்று நம் பேரப்பிள்ளைகள் மராட்டியும் இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகின்றனர். அது வளர்ச்சி, அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வீட்டில் தமிழ் கேட்டும் தமிழெழுத்து அறியாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். குல்மொகர்போல் தானே முளைத்துப் பரவுவது தாய்மொழி ஊரில். வேற்றூரில் அது பேரசோகு. காற்று விதைக்கும், மழை வளர்க்கும் என்று காத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு எட்டாது. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, ஈரம் காயாமல் பார்த்து, மாதக்கணக்கில் பொறுத்திருந்தால் மட்டுமே வேர் பிடிக்கும். அந்த ஒருவர் அரசோ பள்ளியோ அல்லர்; தாத்தாவும் பாட்டியும் தாயும் தந்தையுமே.

ஒரு வேண்டுகோள்

தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கழியை ஒட்டி, நகரக் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் 1980களில் மரம் நடத் தொடங்கினர். 1994இல் அது மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பை மேட்டில் காடு வளரும் ஊரில், ஒரு பேரசோகு வளர்க்க இயலாதா?

சங்க அன்பர்கள் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து. குளிர் தணிந்து வெயில் ஏறும் மாதங்களில், விடுமுறையான புதன்கிழமை தவிர்த்து, பிள்ளைகளுடன் இராணி பாக் சென்று பேரசோகு பூத்திருப்பதைக் காணலாம். மரத்தின் பெயரை அவர்கள் தம் கையால் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்து, தோட்டத்துறையினரிடமோ நம்பத்தகுந்த நாற்றுப் பண்ணையிலோ முறைப்படி பதியன் செடி ஒன்று பெற்று, காற்று மறைவும் நீர் வசதியும் உள்ள குடியிருப்பு வளாகத்திலோ பள்ளி முற்றத்திலோ நடலாம். நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடாமல், கோடையில் யார் நீர் ஊற்றுவது என்பதையும் அன்றே பெயர் குறித்து முடிவு செய்துவிட வேண்டும்.

சால்வீன் கரையில் இரு மரங்களை வளர்த்த பிக்குகளின் பெயர் எவருக்கும் தெரியாது. கல்கத்தாவிலும் பைகுலாவிலும் களிமண் உருண்டை கட்டி நீர் வார்த்த தோட்டக்காரர்களின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் கைகளாலேயே இம்மரம் நம் காலம் வரை வந்துள்ளது. இனி அதற்கு நீர் வார்க்கும் முறை நம்முடையது.